டிசம்பரில் ஆபீஸும் அடுப்பும்: கிறிஸ்துமஸ் பலகாரத்தை வீட்டில் செய்வதா, வெளியில் வாங்குவதா?

ஊசிக்கோபுரம் | நவம்பர் 16, 2025, இரவு 10.40

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு விஷயத்தில் உங்கள் யோசனை வேண்டும்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர். பையன் ஒன்பதாவது, பெண் ஆறாவது. மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்கள். முழங்கால் வலி இருப்பதால் அடுப்பு முன்னால் அதிக நேரம் அவர்களால் நிற்க முடியாது.

கணக்கு வேலையில் இருப்பவர்களுக்கு டிசம்பர் எப்படிப்பட்ட மாதம் என்று தெரியும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வரியைக் கட்ட வேண்டும். 11க்குள் ஜிஎஸ்டி விற்பனை விவரம். 15க்குள் முன்கூட்டிய வருமான வரியின் மூன்றாவது தவணை. 20க்குள் த்ரீ-பி என்கிற ஜிஎஸ்டி மாதக் கணக்கு. 31ஆம் தேதி ஜிஎஸ்டி ஆண்டு அறிக்கைக்குக் கடைசி நாள், வருமான வரிக் கணக்கைத் தாமதமாகக் கொடுப்பவர்களுக்கும் அதுதான் கடைசி நாள். இவ்வளவுக்கும் நடுவில் 25 வருகிறது. வீட்டுக்காரருக்கோ அரையாண்டுத் தேர்வு முடிவதே 23ஆம் தேதிதான், விடைத்தாள் கட்டு வீட்டுக்கு வந்துவிடும்.

வீட்டு வேலை என்று பார்த்தால் நவம்பர் 30 ஆகமன முதல் ஞாயிறு, கிறிஸ்துமஸ் ஆயத்தக் காலம் அன்றுதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் ஒட்டடை அடித்து, திரைச்சீலை துவைத்து, ஸ்டார் கட்டிவிட வேண்டும். பிள்ளைகளுக்குத் துணி எடுத்துத் தைக்கக் கொடுக்க வேண்டும். வீடு வீடாகப் பாடி வருகிற கீதபவனி வரும் இரவு எல்லாருக்கும் டீயும் கேக்கும் தயாராக இருக்க வேண்டும். பெண் பாடகர் குழுவில் இருக்கிறாள், தினமும் சாயங்காலம் கூட்டிப் போய்க் கூட்டி வர வேண்டும். இதற்கு மேல் பலகாரம்: முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, டைமன் கட், கேக்.

இந்த வருடம் எல்லாவற்றையும் வெளியில் வாங்கிவிடலாம் என்று சொன்னேன். மாமியார் எதிர்த்து ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அவர்கள் கையால் செய்து தெரு முழுக்கக் கொடுத்துப் பழகியவர்கள். அவர்களுக்கும் வருத்தம் வராமல், எனக்கும் இடுப்பு ஒடியாமல் என்ன செய்யலாம்? நீங்கள் எல்லாம் எப்படிப் பார்க்கிறீர்கள்?

---

முறுக்குக்கை | நவம்பர் 17, காலை 6.15

மகளே, நான் நாகர்கோவில். பணி ஓய்வு பெற்ற டீச்சர். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: வீட்டில் செய்யுங்கள், ஆனால் ஆறு வகை வேண்டாம். இரண்டு போதும்.

எந்த இரண்டு என்பதை மழை முடிவு பண்ணட்டும். நமக்கு வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை நிற்காது. காற்றில் ஈரம் இருந்தால் முறுக்கும் அச்சுமுறுக்கும் டப்பாவைத் திறந்து மூடும் நேரத்திலேயே நமுத்துப் போகும். அதனால் மொறுமொறுப்பான பலகாரத்தை 22, 23 தேதிக்கு முன்னால் செய்வதில் அர்த்தமில்லை. முந்திரிக்கொத்துக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. உள்ளே இருப்பது பாகில் பிடித்த உருண்டை. பதம் சரியாக இருந்தால் இரண்டு வாரம் தாங்கும், இரண்டாம் நாள்தான் ருசியே கூடும். ஆகவே 14ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து முந்திரிக்கொத்தைச் செய்து வைத்துவிடலாம்.

அளவு எங்கள் வீட்டுக் கணக்கு இது. சிறுபயறு 1 கிலோ, வாசம் வரும்வரை சிறு தீயில் வறுத்து, மில்லில் ரவை போலத் திரித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டியோ வெல்லமோ முக்கால் கிலோ. ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போகச் சிவக்க வறுக்க வேண்டும், இதில் அவசரம் கூடாது, ஈரம் நின்றால் கொத்து சீக்கிரம் கெட்டுவிடும். வறுத்த எள் கொஞ்சம், ஏலக்காய், சுக்கு. பாகு கம்பிப் பதம் வந்ததும் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டிவிட வேண்டும். ஆறினால் மாவு உதிரும். அப்புறம் பச்சரிசி மாவில் உப்பும் மஞ்சள்தூளும் போட்டுக் கரைத்து, மூன்று மூன்று உருண்டையாக முக்கி எண்ணெயில் போட வேண்டியதுதான்.

உருட்டுவதுதான் இதில் பெரிய வேலை. அதை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். உங்கள் மாமியார் நாற்காலியில் உட்காரட்டும், பிள்ளைகள் இரண்டு பேரும் பக்கத்தில் இருக்கட்டும். அடுப்பு முன்னால் நிற்கிற வேலையை உங்கள் வீட்டுக்காரர் செய்யட்டும். விடைத்தாளை ராத்திரி திருத்திக்கொள்ளலாம்.

---

ஆர்டர் எடுக்கிறேன் | நவம்பர் 17, மதியம் 2.05

நான் வீட்டிலிருந்து பலகாரம் செய்து விற்கிறவள், மார்த்தாண்டம் பக்கம். அதனால் நான் வாங்கச் சொல்வேன் என்று நினைப்பீர்கள். என் பிழைப்பு இது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன்.

வேலைக்குப் போகிற ஒரு பெண் பணம் கொடுத்து முறுக்கு வாங்கினால் கிறிஸ்துமஸ் குறைந்துபோகாது. அந்தப் பணம் இன்னொரு வீட்டுக்குத்தான் போகிறது. என்னோடு அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்து சுடுகிறார்கள். நவம்பர், டிசம்பர் இரண்டு மாத வருமானத்தில்தான் அவர்கள் பிள்ளைகளுக்குப் புதுத்துணி.

ஆனால் வாங்கும்போது மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். எந்த எண்ணெய், எந்த நாளில் சுட்டது, எண்ணெயை எத்தனை தடவை காய வைக்கிறார்கள். எங்கள் பக்கம் தேங்காய் எண்ணெயில்தான் சுடுவோம். இந்த வருடம் தேங்காய் எண்ணெய் விலை ஏறின ஏற்றத்தைப் பார்த்து நிறையப் பேர் வேறு எண்ணெய்க்கு மாறிவிட்டார்கள். மாறினதில் தப்பில்லை, சொல்லிவிட்டு மாற வேண்டும். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நல்லபடி செய்கிறவர் பதில் சொல்லத் தயங்கமாட்டார்.

ஆர்டரை டிசம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள். 20க்கு மேல் வருகிறவர்களுக்கு என்னால் முறுக்கு மட்டும்தான் தர முடியும். அதிரசம் கேட்டால் முடியாது. பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் தெரிகிற பக்குவத்தில் திரித்து, பாகில் சேர்த்து, அந்த மாவு இரண்டு நாளாவது கிடக்க வேண்டும். அவசரத்துக்கு அதிரசம் வராது.

---

தையல் மிஷின் | நவம்பர் 17, இரவு 11.50

பலகாரம் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, துணி பற்றிச் சொல்கிறேன். தூத்துக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன். இந்த இழையைப் பார்க்கிற அக்கா, தங்கச்சி எல்லாரிடமும் ஒரே வேண்டுகோள்: நவம்பர் மாதத்துக்குள் துணியைக் கொடுத்துவிடுங்கள்.

டிசம்பர் 10க்கு மேல் எங்கள் கடையில் துணி வாங்குவதில்லை. அப்படியும் 18ஆம் தேதி ஒருவர் சின்னப் பிள்ளைக்கு ஃப்ராக் தைக்கக் கொண்டு வருவார், முகத்தைப் பார்த்தால் முடியாது என்று சொல்ல மனம் வராது. வாங்கிவிட்டால் காஜா எடுக்கிற பையனும் நானும் 24ஆம் தேதி நள்ளிரவைத் தாண்டி உட்கார்ந்திருப்போம். கடைசி ஃப்ராக்கைக் கொடுத்து முடித்து ஷட்டரை இழுக்கும்போது பேராலயத்தில் பூசை பாதி முடிந்திருக்கும். எங்களுக்கும் வீடு இருக்கிறது, எங்கள் பிள்ளைகளும் காத்திருக்கிறார்கள்.

பிளவுஸ் என்றால் லைனிங் துணியை முதலில் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். மழை நாளில் அது காயவே இரண்டு நாள் ஆகிறது, அந்த இரண்டு நாள் எங்கள் கணக்கில் போகிறது. வளரும் பிள்ளைகளுக்கு உள்தையலில் ஒரு அங்குலம் விடச் சொல்லிக் கேளுங்கள். ஈஸ்டருக்கும் அதே உடுப்பு ஆகும்.

---

ஊசிக்கோபுரம் | நவம்பர் 18, காலை 7.30

தம்பி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு இன்று மாலையே துணி எடுக்கப் போகிறோம். டீச்சரம்மா, அளவை நோட்டில் எழுதி வைத்துவிட்டேன். அக்கா, முறுக்கு ஆர்டர் கொடுக்கலாம் என்றுதான் மனது சொல்கிறது.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் தெளியவில்லை. எங்கள் தெருவில் பலகாரம் கொடுக்கிற வீடுகள் நிறைய. முக்கால்வாசி இந்து வீடுகள், இரண்டு முஸ்லிம் வீடுகள். தீபாவளிக்கும் ரம்ஜானுக்கும் அவர்கள் கொடுத்ததை நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம். அவர்களுக்குக் கடைப் பலகாரத்தைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் சரியாக இருக்குமா?

---

பக்கத்து வீடு | நவம்பர் 18, காலை 11.10

நான் வடசேரியில் இருக்கிற இந்து வீட்டுப் பெண். வாங்குகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வீட்டம்மா 24ஆம் தேதி சாயங்காலம் தட்டு கொண்டு வருவார்கள். அதில் எத்தனை வகை இருக்கிறது என்று எங்கள் வீட்டில் யாரும் எண்ணியதில்லை. அவர்கள் பேரன் வந்து, 'அத்தை, நாளைக்குக் கண்டிப்பா வீட்டுக்கு வரணும்' என்று சொல்வதுதான் எங்களுக்குப் பெரிது. தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று அதில் சீனியோ ரெண்டு வாழைப்பழமோ வைத்துக் கொடுப்பேன். கடையில் வாங்கியதா, வீட்டில் செய்ததா என்று கேட்டுக்கொண்டு யார் இருக்கிறார்கள்?

ஆனால் ஒன்று செய்யுங்கள். சைவ வீடுகளுக்குக் கொடுக்கும்போது எதில் முட்டை இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். கேக்கில் இருக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். அச்சுமுறுக்கிலும் முட்டை சேர்ப்பார்கள் என்பது பலருக்குத் தெரியாது. எங்கள் அம்மா தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு மனம் கஷ்டப்பட்டார்கள். அதிலிருந்து பக்கத்து வீட்டம்மா எங்களுக்கு முந்திரிக்கொத்தும் முறுக்கும் தனியாக எடுத்து வைத்துவிடுகிறார்கள். அந்த அக்கறையை நான் எந்தப் பலகாரத்துக்கும் மேலாக நினைக்கிறேன்.

---

இரவு டூட்டி | நவம்பர் 19, பின்னிரவு 3.20

மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். பிரேக்கில் எழுதுகிறேன்.

வாங்குவதா, செய்வதா என்று எல்லாரும் பேசுகிறோம். யார் செய்வது என்பதை டீச்சரம்மா ஒருவர்தான் தொட்டார். அதை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. வேலைக்குப் போகிற பெண் டிசம்பரில் இரண்டு வேலை பார்க்கிறாள். ஆராதனையில் பின் வரிசையில் உட்கார்ந்து கண் அசந்துவிடுகிற அம்மாக்கள் எத்தனை பேர் என்று கவனித்துப் பாருங்கள். அவர்கள் முந்தின நாள் ராத்திரி இரண்டு மணிவரை கறிக்கு மசாலா அரைத்து, இடியாப்பத்துக்கு மாவு தயார் பண்ணி, நான்கு மணி ஆராதனைக்குப் பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்டிக் கூட்டி வந்தவர்கள். அந்தக் காலை ஆராதனைக்காகத்தானே இவ்வளவு ஆயத்தமும்? அதில் அவர்களுக்குப் பங்கு இல்லாமல் போகிறது.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு தாளில் எல்லா வேலையையும் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டிவிடுகிறோம். ஒட்டடை, ஸ்டார், வெளி லைட், பாத்திரம் அண்ணனுக்கு. கறி வாங்குவதும் வெட்டுவதும் அப்பாவுக்கு. அப்பாவுக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது 24ஆம் தேதி ஆட்டுக்கறி வாங்க அவரே விடியற்காலையில் போய் வரிசையில் நிற்கிறார், நேரம் கழித்துப் போனால் நல்ல கறி கிடைக்காது என்று எங்களுக்கே சொல்லிக் கொடுக்கிறார்.

எனக்கு 24 இரவு டூட்டி பெரும்பாலும் வராது. கூட வேலை பார்க்கிற இந்துத் தோழிகள் மாற்றிக்கொள்வார்கள். தீபாவளியும் பொங்கலும் நான் பார்த்துவிடுவேன். சூப்பரவைசரிடம் கடைசி நேரத்தில் கேட்டால் நடக்காது, டிசம்பர் ரோஸ்டர் போடுவதற்கு முன்பே யார் யாருக்கு மாற்று என்று நாங்களே எழுதிக் கொடுத்துவிடுவோம்.

---

எழும்பூர் டு நாகர்கோவில் | நவம்பர் 19, காலை 9.45

சென்னையில் ஐடியில் இருக்கும் தம்பி நான். இரவு டூட்டி அக்கா சொன்னதைப் படித்து அம்மாவுக்கு உடனே போன் போட்டேன். நாங்கள் இரண்டு மகன்கள், 24 காலையில் ரயிலிலிருந்து இறங்கி, தூங்கி எழுந்து, சாப்பிட்டு, 28 ராத்திரி ரயில் ஏறிவிடுகிறோம். அம்மாவுக்கு உதவ வேண்டும் என்றால் முன்கூட்டியே போக வேண்டும்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, 2024 அக்டோபர் வரை 120 நாளாக இருந்தது. டிசம்பர் 23 பயணத்துக்கு அக்டோபர் 24ஆம் தேதி காலை 8 மணிக்குத் திறந்தது. கன்னியாகுமரி, நெல்லை, முத்துநகர், அனந்தபுரி எல்லாமே அன்றே வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விட்டன. இனித் தட்கல், இல்லையென்றால் ரயில்வே அறிவிக்கிற சிறப்பு ரயில். தட்கல் ஏசி வகுப்புக்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஆதார் இணைக்காத கணக்கில் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியாது, இன்றைக்கே சரிபார்த்து வையுங்கள்.

இந்த வருடம் கிறிஸ்துமஸ் வியாழக்கிழமை. வெள்ளிக்கு லீவு போட்டால் ஞாயிறு வரை சேர்ந்து வரும். எங்கள் டீமில் வருடக் கடைசியில் புது மாற்றம் எதையும் சர்வரில் ஏற்றமாட்டார்கள், ஆகவே 20ஆம் தேதியே கிளம்பி அங்கிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். பகலில் லேப்டாப், சாயங்காலம் முறுக்கு உரல். அம்மாவிடம் சொன்னதும் முதலில் கேட்டது, 'வீட்டுல கரண்ட் போனா என்ன பண்ணுவ?'

---

ஏரல் வாசி | நவம்பர் 19, இரவு 9.00

ஏரலில் மளிகைக் கடை. டிசம்பர் என்றாலே எங்களுக்கு 2023தான் கண் முன்னால் வருகிறது.

அந்த வருடம் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கம் யாரும் மறக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி ஊருக்குள் வந்தது. செந்தூர் எக்ஸ்பிரஸில் இருந்தவர்கள் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் இருந்தது. கடைகளில் அப்போதுதான் மைதா, சீனி, கிஸ்மிஸ், வெல்லம் எல்லாம் மூட்டை மூட்டையாக இறக்கியிருந்தோம். என் கடையில் கழுத்தளவு தண்ணீர். சீனி கரைந்து தரை முழுக்கப் பாகாக ஓடியது.

அந்த 25ஆம் தேதி கோயிலில் ஆராதனை நடந்தது. வீட்டில் பலகாரம் இல்லை, புதுத்துணி இல்லை. வெளியூரிலிருந்து வந்த லாரியில் அரிசி, பாய், பெட்ஷீட் இறக்கினார்கள், எல்லா மதத்து ஆட்களும் சேர்ந்துதான் இறக்கிப் பகிர்ந்தோம். அதற்குப் பிறகு எனக்கு ஆறு வகையா, இரண்டு வகையா என்ற யோசனை வருவதில்லை. வீட்டில் அடுப்பு எரிகிறது, ஆள் எல்லாரும் இருக்கிறார்கள் என்றால் போதும் என்று இருக்கிறது.

கடைக்காரனாக இரண்டு வார்த்தை. பாளை சகோதரிக்கு இது தெரிந்திருக்கும்: இந்த 2025 செப்டம்பர் 22 முதல் வெண்ணெய், நெய், பேரீச்சை, பாதாம், பிஸ்தாவுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய விலை ஒட்டிய பாக்கெட்டைப் பார்த்தால் கேளுங்கள். இரண்டாவது, கேக்குக்கு வேண்டிய பழம், முந்திரி எல்லாவற்றையும் நவம்பரிலேயே பக்கத்துக் கடையில் வாங்கிவிடுங்கள். வாங்கியதை மேல் பரணில் வையுங்கள், தரையில் வேண்டாம்.

---

தூத்தூர் அலை | நவம்பர் 20, மாலை 5.35

அண்ணன் சொன்னதைப் படித்து மனம் கனத்துவிட்டது. கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் எங்களுக்கு 2017. நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல். கடலுக்குப் போனவர்கள் வருவார்கள், வருவார்கள் என்று கரையிலும் கோயில் வாசலிலும் காத்துக்கிடந்தே அந்த டிசம்பர் போய்விட்டது. எங்கள் ஊர்களில் அந்த வருடம் ஸ்டார் கட்ட யாருக்கும் கை எழவில்லை.

எங்கள் வீட்டு ஆண்கள் ஆழ்கடல் தொழில். போட்டைக் கொச்சித் துறைமுகத்திலிருந்து எடுப்பார்கள், போனால் வாரக்கணக்கில் கடலில்தான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர்ந்து, புதுவருடம் கழியும் வரை வீட்டில் இருப்பார்கள். அதனால் எங்கள் பக்கத்தில் கிறிஸ்துமஸ் ஆயத்தம் என்றாலே ஆள் வரவைப் பார்ப்பதுதான். அதுவரை வீடு, பிள்ளை, கடன், பள்ளிக்கூட பீஸ் எல்லாம் பெண்கள் கணக்கு. ஆனால் ஆண்கள் வந்த மறுநாளே சுவருக்கு பெயிண்ட் அடிப்பதும் ஸ்டார் கட்டுவதும் தெருவில் இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் குடில் போடுவதும் அவர்கள் வேலை. பெண்கள் அதில் கை வைக்கமாட்டோம். வலை பின்னுகிற கைக்குப் பலகாரம் செய்யத் தெரியாது என்று யாரும் சொல்லவேண்டாம், என் வீட்டுக்காரர் அச்சுமுறுக்கு சுட்டால் ஒன்றுகூட உடையாது.

---

குடில் தம்பி | நவம்பர் 21, இரவு 8.10

அக்கா, குடில் என்றதும் கை பரபரக்கிறது. நான் கத்தோலிக்கன், எங்கள் அன்பியத்தில் (பங்கில் உள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) குடில் போடுவது இளைஞர்கள் பொறுப்பு.

வீட்டில் குடில் வைக்கிறவர்கள் டிசம்பர் 12, 13 வாக்கில் தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கோதுமையோ விதைத்துவிடுங்கள். 24க்குப் பச்சைப் பசேல் என்று நிற்கும், கடையில் விற்கிற பிளாஸ்டிக் புல் தேவையே இல்லை. பிள்ளைகளிடம் தண்ணீர் தெளிக்கிற வேலையைக் கொடுத்தால் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். குழந்தை சொரூபத்தை 24 இரவுத் திருப்பலிக்குப் பிறகுதான் வைக்க வேண்டும், அதுவரை தீவனத் தொட்டி காலியாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் கடைக்குட்டிதான் வைப்பாள். 1223இல் பிரான்சிஸ் அசிசியார் இத்தாலியில் உள்ள கிரேச்சியோவில் குடில் அமைத்தபோது உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டு வந்து கட்டினார். அதை நினைத்துத்தான் போன வருடம் எங்கள் தெருக் குடிலில் நிஜ ஆட்டுக்குட்டியைக் கட்டினோம், பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

வெளியே ஸ்டார் கட்டுகிறவர்கள் வயர் ஒட்டுப் போட்ட இடத்தில் டேப் நன்றாகச் சுற்றுங்கள். சன்ஷேடுக்கு உள்ளே வருகிற மாதிரி கட்டுங்கள். காகித ஸ்டாருக்கு எல்இடி பல்புதான் பாதுகாப்பு, குண்டு பல்பு சூட்டில் காகிதம் கருகும்.

---

தேரா வாசி | நவம்பர் 22, இரவு 11.30

துபாயிலிருந்து. இங்கே 25ஆம் தேதி எங்களுக்கு வேலை நாள். ஆபீஸ் முடித்துவிட்டு ஊத் மேத்தா புனித மரியாள் ஆலயத்துக்குப் போவோம், கூட்டம் சாலைவரை நிற்கும். பலகாரம் ஊரிலிருந்து வருகிற யாராவது கொண்டு வந்தால் உண்டு. மாமியார் முகம் வாடியது என்று படித்தபோது என் அம்மா நினைவு வந்தது. அவர்களால் நிற்க முடியாமல் இருக்கலாம், ஆனால் உப்பு, இனிப்பு, பதம் எல்லாம் அவர்கள் நாக்கில்தான் இருக்கிறது. அவர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்யுங்கள் அக்கா.

---

ஊசிக்கோபுரம் | நவம்பர் 23, மதியம் 3.00

எல்லாருக்கும் நன்றி. இன்று ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசினோம்.

முந்திரிக்கொத்து மட்டும் வீட்டில், டிசம்பர் 14ஆம் தேதி. மாமியார் பதம் சொல்வார்கள், பிள்ளைகள் உருட்டுவார்கள், எண்ணெய்ச்சட்டி முன்னால் வீட்டுக்காரர். 11ஆம் தேதி ஜிஎஸ்டி வேலை முடிந்து எனக்கும் அன்று கொஞ்சம் மூச்சு விட நேரம் இருக்கும். முறுக்கும் அதிரசமும் மார்த்தாண்டம் அக்காவிடம். டைமன் கட் இந்த வருடம் கிடையாது. தாளில் எழுதி ஒட்டியாகிவிட்டது, பாடகர் குழுவுக்குப் பெண்ணைக் கூட்டிப் போவதும் வருவதும் இனி அவள் அப்பா. மாமியார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள்: அச்சுமுறுக்கை விட முடியாது, அதைத் தானே உட்கார்ந்து சுடுவேன் என்கிறார்கள். தரையில் ஸ்டவ்வை இறக்கி வைத்து முக்காலி போட்டுக் கொடுக்கலாம் என்றிருக்கிறோம். 23ஆம் தேதி அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன்.

இனி இரண்டு கேள்வி. கேக் சுட எங்களிடம் ஓவன் இல்லை. அப்புறம், பழைய அச்சு உடைந்துவிட்டதால் புது அச்சு வாங்கியிருக்கிறேன். மாவு அதில் ஒட்டிக்கொண்டு எண்ணெயில் இறங்கமாட்டேன் என்கிறது.

---

முறுக்குக்கை | நவம்பர் 23, மாலை 6.40

உங்கள் மாமியாரை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது மகளே.

கேக்குக்கு ஓவன் தேவையில்லை. மாவை வீட்டில் கலக்கிப் பக்கத்து பேக்கரியில் கொடுத்தால் சுட்டுத் தருவார்கள், விறகடுப்பு இருக்கிற பேக்கரியாகப் பாருங்கள். ரொட்டி சுட்டு முடித்து அடுப்பின் உக்கிரம் இறங்கின பிறகுதான் கேக்கை உள்ளே வைப்பார்கள், அந்த மிதமான சூட்டில் பழக் கேக் நிதானமாக வேகும். எந்த நேரம் கொண்டுவரலாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மாவைக் கலக்கிக் காக்கவைத்தால் பொங்காது. மைதா, வெண்ணெய், சீனி மூன்றும் 250 கிராம், முட்டை 5, ஊறின பழம் 400 கிராம். பழத்தை இன்றைக்கே திராட்சைச் சாற்றில் ஊறப் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தட்டின் அடியில் உங்கள் பெயரை எழுதி ஒட்ட மறக்காதீர்கள், 22ஆம் தேதிக்கு மேல் அங்கே எல்லார் தட்டும் ஒரே மாதிரி இருக்கும்.

புது அச்சைப் பழக்க வேண்டும். சோப்பு போடாமல், அரிசி கழுவின தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துக் கழுவித் துடையுங்கள். அடுத்து ஒரு ராத்திரி முழுக்க எண்ணெயில் கிடக்கட்டும். சுடும்போது எண்ணெய் காயும் நேரத்திலேயே அச்சும் உள்ளே இருந்து சேர்ந்து காய வேண்டும். மாவு தோசை மாவை விடக் கொஞ்சம் நீர்க்க இருக்கட்டும். அச்சை முக்கால் பங்கு மட்டும் மாவில் முக்குங்கள், மேல் விளிம்பு மூடிவிட்டால் முறுக்கு கழன்று வராது. எண்ணெயில் இறக்கினதும் உடனே ஆட்டாதீர்கள். ஓரம் வெந்து விலகும், அப்போது லேசாகத் தட்டினால் தானே இறங்கும். மாவு அச்சில் பிடிக்கவே இல்லையென்றால் அச்சு சூடு பத்தவில்லை. முக்கும்போதே சுர்ரென்று வெந்து உதிர்ந்தால் சூடு அதிகம், தீயைக் குறைத்துக்கொள்ளுங்கள். முதல் நாலைந்து எப்படியும் சரியாக வராது, பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள்.